எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம்?

உங்களுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைக்கிறது. கூட வர யாரும் இல்லை. தன்னந்தனியாகப் போக வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஓர் ஊரில்தான் தங்க முடியும். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனா? ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமா? எதைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் என் பழைய மாணவன். உலகப் படத்தில் ஊர் தேடும் விளையாட்டில் வகுப்பில் அவன்தான் எப்போதும் முதல். இப்போது இன்ஜினீயர். வேலை விஷயமாக ஜூன் மாதம் ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகருக்குப் போகிறான். "சார், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று போனில் கேட்டான். நான் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனாலும் மாணவன் கேட்டுவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அட்லஸையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கோபன்ஹேகன். தனியாகப் போகிறவருக்கு மிகவும் வசதியான ஊர் இது. மேடு பள்ளம் இல்லாத சமதரை. ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் போதும், வழித்துணையே தேவையில்லை. சைக்கிளுக்கென்றே தனிப் பாதைகள் ஊர் முழுக்க உண்டு.

துறைமுகத்தின் கரையில், ஒரு பாறை மேல் கடற்கன்னி சிலை உட்கார்ந்திருக்கிறது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய கதையில் வரும் கடற்கன்னிதான் அவள். 1913-ல் வைத்த சிலை. படத்தில் பார்த்துவிட்டுப் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். உயரம் 1.25 மீட்டர்தான்! பாவம், 1964-லும் 1998-லும் யாரோ அவள் தலையையே வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு முறையும் மறுபடி தலை பொருத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது அங்குள்ள வட்டக் கோபுரம். 1642-ல் கட்டி முடித்தது. நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காகக் கட்டியது. உள்ளே கிட்டத்தட்ட உச்சி வரை சுற்றிச் சுற்றிப் போவது படிக்கட்டு அல்ல, சரிவுப் பாதை! ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1716-ல் அதில் குதிரை மேல் உட்கார்ந்தபடியே ஏறினாராம்.

அந்தக் கோபுரத்தைக் கட்டிய மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் தரங்கம்பாடிக் கோட்டை அவர் காலத்தில் டென்மார்க்காரர்கள் கட்டியதுதான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அந்த மன்னருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில், அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அடேயப்பா, எங்கிருந்து எங்கே!

இதைப் படித்ததும் கோபன்ஹேகன் என்றே சொல்லிவிட நினைத்தேன். ஆனால் ஸ்டாக்ஹோமில் ஒரு கப்பல் இருக்கிறது. அதுதான் என் மனதை மாற்றிவிட்டது.

அதன் பெயர் வாசா. ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் கட்டச் சொன்ன போர்க்கப்பல். நீளம் 69 மீட்டர். இரண்டு அடுக்குகளில் வரிசையாகப் பீரங்கிகள். மொத்தம் 64! பரிசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் என்ன ஆகும்? அதே ஆபத்து இந்தக் கப்பலுக்கும் இருந்தது. மேல்பாகம் கனம், அடிப்பாகத்தில் பாரம் போதவில்லை.

யாருக்கும் இது தெரியாதா என்றால், தெரியும்! கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை நடத்தினார்கள். 30 பேர் மேல்தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். மூன்றே முறை ஓடியதும் கப்பல் பயங்கரமாக ஆடியது. பயந்துபோய் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. மன்னரோ போர்க்களத்தில் இருந்தார். கப்பல் எப்போது வரும், எப்போது வரும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய் யார் சொல்வது?

1628 ஆகஸ்ட் 10. கரையெல்லாம் கூட்டம். பாய் விரித்துக் கிளம்பிய வாசா ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை. காற்று ஒன்று பலமாக அடித்தது. கப்பல் சாய்ந்தது. பீரங்கிகளுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் வழியே தண்ணீர் குபுகுபுவென்று புகுந்தது. அவ்வளவுதான். சுமார் 30 பேர் இறந்துபோனார்கள். விசாரணை நடந்தது, ஆனால் யாருக்கும் தண்டனை இல்லை.

333 ஆண்டுகள் கழித்து, 1961-ல், அந்தக் கப்பலை முழுசாக மேலே தூக்கினார்கள். மரம் எப்படி மக்காமல் இருந்தது என்று கேட்பீர்களே! மற்ற கடல்களில் மரத்தைத் துளைத்துத் தின்னும் ஒருவகைக் கப்பல் புழு உண்டு. பால்டிக் கடலில் உப்பு குறைவு. அதனால் அந்தப் புழுவால் அங்கே வாழ முடியாது. வெளியே எடுத்த பிறகு மரம் வெடித்துவிடாமல் இருக்க 17 ஆண்டுகள் மருந்துக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். 1990 முதல் அது தனக்கென்று கட்டிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளில் பரவிக் கிடக்கும் நகரம். தீவுக்குத் தீவு பாலமும் படகும் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1930-ல் நோபல் பரிசு வாங்கியதும் இந்த ஊரில்தான். ஜூன் மாதம் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். தனியாக ஊர் சுற்றுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ஸ்டாக்ஹோமுக்கே போ" என்று சொல்லிவிட்டேன். கோபன்ஹேகன் போச்சே என்று அவனுக்கு முகம் வாடியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. மறுபடி அட்லஸைப் பிரித்தேன். அட, ஹாம்பர்க்கிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் ரயில் பாதை டென்மார்க் வழியாகத்தானே போகிறது! கோபன்ஹேகனில் ரயில் மாறும்போது மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் எடுத்தால் போதும். ஸ்டேஷனிலிருந்து வட்டக் கோபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். அடுத்த ரயில், 2000-ல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தில் கடலைத் தாண்டி ஸ்வீடனுக்குள் போகும். உடனே போன் செய்து சொன்னேன்.

"சரி சார்! அங்கே தயிர் கிடைக்குமா?" என்றான்.

கிடைக்குமடா! ஸ்வீடன்காரர்களும் பாலைப் புளிக்க வைத்துக் காலையில் சாப்பிடுகிறவர்கள்தான். ஊறுகாய் மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போ.