கம்ப்யூட்டர் திணறுகிறதா? புதிது வாங்க ஓடாதீர்கள்!

வாசுதேவநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். தாய் காத்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

திரை நகரவில்லை. உள்ளே விசிறி இரைகிறது.

"பழசு ஆகிவிட்டது. புதிதுதான் வாங்க வேண்டும்" என்கிறார் ஒருவர்.

அவசரம் வேண்டாம்!

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய 3 பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் "டெஸ்க்டாப் விண்டோ மானேஜர்" என்ற பெயருக்கு நேரே பெரிய எண் நிற்கிறதா? திணறலுக்குக் காரணம் அங்கேதான்.

இது யார்?

திரையில் தெரிவதை எல்லாம் அடுக்கிப் படமாகக் காட்டும் வேலையாள் இது. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் இதை நிறுத்த முடியாது.

படம் வரைய உதவுவதற்குத் தனிச் சில்லு உண்டு. அதை இயக்கும் "டிரைவர்" பழுதானால், அந்தப் பாரமும் கம்ப்யூட்டரின் மூளை மீது விழும். மாடு படுத்துவிட்டால் வண்டியை மனிதன் இழுப்பது போல!

என்ன செய்வது?

எழுதியதைச் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மீண்டும் போடுங்கள். பல சமயம் இதுவே போதும்.

தொல்லை தீராவிட்டால், தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் புதிய டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

அசையும் பின்னணிப் படங்களை நீக்குங்கள்.

புதுக் கம்ப்யூட்டருக்குப் பல ஆயிரம் ரூபாய். டிரைவருக்கோ காசே இல்லை!