வைத்த பிறகு அளவெடுக்கும் லென்ஸ்

புரை அறுவைக்குப் பின் கண்கட்டைப் பிரித்த அன்று பெரியம்மா முதலில் பார்த்தது என் சட்டையைத்தான். "இது நீலமா? இத்தன நாளும் பச்சைன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். புரை முற்ற முற்றக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி, முதலில் நீலத்தைத்தான் விழுங்கும். அதனால் புரையை எடுத்தவர்களுக்கு முதலில் திரும்பி வருவதும் நீலம்தான். அம்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் நின்று, அன்று மாலை முழுக்க அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. கைப்பேசி எழுத்து கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது. எல்.ஆர்.டி. நிலையத்தின் பெயர்ப் பலகையோ மங்கலாகவே இருந்தது. சோதித்துப் பார்த்த டாக்டர், "மைனஸ் ஒண்ணு நின்னிருக்கு, ஒரு கண்ணாடி போட்டாப் போதும்மா" என்றார். பெரியம்மா விடவில்லை. "உள்ளதான் லென்ஸ் வெச்சாச்சே, அதையே ரேடியோ மாதிரி கொஞ்சம் திருகிவிட முடியாதா?"

வைத்தது வைத்ததுதான் என்று டாக்டர் சொன்னார். அவர் வைத்த லென்ஸைப் பொறுத்தவரை அது சரியான பதில். ஆனால் பெரியம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் 1990களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் ஒரு கண் டாக்டரும் இரண்டு விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை, திருகாணி இல்லாமல் வெறும் வெளிச்சத்தால் திருகப்படும் லென்ஸ்.

மைனஸ் ஒன்று எப்படி மிஞ்சியது என்று முதலில் பார்ப்போம். அதில் யாருடைய தவறும் இல்லை. கண் ஒரு கேமரா என்றால் அதன் மொத்தப் பவர் சுமார் 60 டையாப்டர். அதில் ஏறத்தாழ 43 கருவிழியிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் லென்ஸினுடையது. புரை பிடித்த லென்ஸை எடுத்துவிட்டால் அந்தப் பங்கை ஒரு செயற்கை லென்ஸ் ஈடுகட்ட வேண்டும். எத்தனை பவர் லென்ஸ் வைப்பது என்பதை அறுவைக்கு முன்பே கணக்குப் போட்டு எடுத்துவைக்க வேண்டும். அதற்காகக் கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள், கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரை டையாப்டருக்கு மேல் பிசகிவிடும். முன்பு அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள், இப்போது ஒளிக்கற்றையால் அளக்கிறார்கள். இந்தப் பிசகு இப்போது மிகவும் குறைந்துவிட்டது.

அளக்கவே முடியாத ஓர் எண் மட்டும் அப்படியே நிற்கிறது. நம் சொந்த லென்ஸ் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளது. அது இருந்த மெல்லிய பையைக் கண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, அதற்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பெரிய தலையணை உறைக்குள் சின்னத் தலையணையைப் போட்ட மாதிரி. அறுவைக்குப் பிறகு வரும் வாரங்களில் அந்த உறை மெல்லச் சுருங்கி லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் இடம் சற்று முன்னே இருக்குமா, பின்னே இருக்குமா? அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே பார்வையில் தெரியும். எதிர்காலத்தில் லென்ஸ் எங்கே போய் அமரும் என்பதை யாரும் இன்றைக்கு அளக்க முடியாது. ஆயிரக்கணக்கான கண்களின் அனுபவத்தை வைத்துச் சூத்திரம் எழுதி ஊகிக்கிறார்கள். நல்ல கருவியும் நல்ல சூத்திரமும் சேர்ந்தால் பத்தில் ஏழெட்டுக் கண்கள் அரை டையாப்டருக்குள் வந்துவிடும். பெரியம்மாவின் கண் மிச்சமுள்ள இரண்டு மூன்றில் ஒன்று.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் எந்தத் தையல்காரருக்கும் இது புரியும். முதல் துவையலில் எவ்வளவு சுருங்கும் என்று தெரியாத துணியை, துவைக்காமல் அளவெடுத்துத் தைப்பதுதான் இது.

முதன்முதலில் தைத்தவருக்குத் துணி வெகுவாகவே சுருங்கியது. 1949 நவம்பர் 29ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி, 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் செயற்கை லென்ஸ் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகளின் கண்ணுக்குள் பாய்ந்த காக்பிட் கூரைத் துண்டுகள் ஆண்டுக்கணக்கில் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். அந்தக் கூரை பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. புரையை எடுத்துவிட்டுக் கண்ணை வெறுமையாக விடுகிறீர்களே, மாற்று லென்ஸ் வைக்கக் கூடாதா என்று ஒரு மருத்துவ மாணவர் கேட்டதும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இயற்கை லென்ஸின் வடிவத்தை ஒட்டியே பெர்ஸ்பெக்ஸ் லென்ஸ் செய்யப்பட்டது. ஆனால் பெர்ஸ்பெக்ஸ் மனித லென்ஸைவிட அதிகமாக ஒளியை வளைக்கும். அந்தப் பெண்மணிக்குக் கடைசியில் மிஞ்சியது ஏறக்குறைய மைனஸ் 18. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய அறுவையே, வைத்த பின் திருத்த முடியாது என்பதையும் காட்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்த அரை நூற்றாண்டு உழைப்பு முழுவதும் ஊகத்தைக் கூர்மையாக்குவதிலேயே போனது.

கலிஃபோர்னியாக்காரர்கள் ஊகத்தை விட்டுவிட்டார்கள். கண் ஆறட்டும், உறை சுருங்கட்டும், லென்ஸ் தன் இடத்தில் அமரட்டும், பிறகு அளந்து திருத்தலாம் என்றார்கள். கண் மருத்துவர் டேனியல் ஷ்வார்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்தவர். கால்டெக்கின் ராபர்ட் கிரப்ஸ், வேறொரு கண்டுபிடிப்புக்காக 2005இல் வேதியியல் நோபல் பெற்றவர். ஜூலியா கார்ன்ஃபீல்ட் அதே கால்டெக்கில் பாலிமர்களின் இயல்பை ஆராய்பவர். இவர்கள் உருவாக்கியது மென்மையான சிலிக்கோன் லென்ஸ். அதன் பின்னலுக்குள் எங்கும் கட்டுப்படாமல் அலையும் சிறு மூலக்கூறுகள் கலந்திருக்கும். குறிப்பிட்ட புற ஊதா ஒளி பட்டால் அவை ஒன்றோடொன்று கைகோத்து நிலைத்துவிடும்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடம் முழுக்க விருந்தினர்கள் சீராக உலாவிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மட்டும் இலை போடுகிறார்கள். நடுவில் நின்றவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்தவர் இனி உலாவமாட்டார். எனவே நடுவில் உலாவுபவர் எண்ணிக்கை குறைந்து, ஓரத்தில் நெரிசலாக இருப்பவர்கள் மெல்ல நடுவுக்கு நகர்கிறார்கள். சற்று நேரத்தில் நடுக்கூடத்தில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள், புதிதாக வந்தவர்களும் இருக்கிறார்கள். அங்கே கூட்டம் பெருத்துவிடுகிறது.

லென்ஸிலும் இதுவே நடக்கிறது. நடுவில் ஒளி பாய்ச்சினால் நடுவிலுள்ள மூலக்கூறுகள் கட்டுண்டு போகின்றன. ஓரத்திலிருந்து மற்றவை அங்கே ஊறி வருகின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் லென்ஸின் நடுப்பகுதி மிக நுட்பமாக உப்பி, வளைவு கூடி, பவர் ஏறுகிறது. ஓரத்தில் ஒளி பாய்ச்சினால் நடுப்பகுதி இளைத்துப் பவர் இறங்குகிறது. கண்ணாடிக் கடையில் சிலிண்டர் என்று சொல்வார்களே, ஒரு திசையில் மட்டும் வளைவு மாறுபடும் அந்தக் குறைக்கு, ஒளியையும் அந்தத் திசைக்கேற்ற கோலத்தில் பாய்ச்சுகிறார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. பாவையை மருந்தால் விரித்துவிட்டு, தாடையைக் கருவியில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். உங்கள் கண்ணுக்குள் இருக்கும் ஒரு பொருள், நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் கழித்து இது தொடங்கும். சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் அளந்து, தேவையானால் மீண்டும் ஒளி. ஏறத்தாழ இரண்டு டையாப்டர் வரை திருத்த முடியும். நோயாளிக்கும் டாக்டருக்கும் திருப்தி என்றானதும் லென்ஸ் முழுவதும் ஒளி பாய்ச்சி, மிச்சமிருக்கும் அத்தனை மூலக்கூறுகளையும் கட்டிப்போடுகிறார்கள். அதைப் பூட்டுவது என்கிறார்கள். பூட்டிய பிறகு அது சாதாரண லென்ஸ்தான். இனி மாறாது. வெவ்வேறு தூரங்களுக்கு ஏற்ப இளமைக் கண் தானாகச் சுருங்கி விரிந்து பார்க்கிறதே, அந்தத் திறனை இந்த லென்ஸ் தராது. இங்கே பலர் குழம்பிப்போகிறார்கள்.

பவர் சரியாவதைவிட, பூட்டுவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா? அறுவைக்கு முன்பே இதற்குப் பதில் சொல்லச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கிராப் ஓட்டுகிறவருக்கு வேண்டிய தூரம் வேறு, பூ கட்டுகிறவருக்கு வேண்டிய தூரம் வேறு. திருத்தக்கூடிய லென்ஸ் இருந்தால், சில நாள் வாழ்ந்து பார்த்து, சமையல் செய்து பார்த்து, பிறகு முடிவு சொல்லலாம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதற்கு அனுமதி தந்தது. 600 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதம் கழித்து, இந்த லென்ஸ் பெற்றவர்கள் வழக்கமான லென்ஸ் பெற்றவர்களைவிடக் கண்ணாடி இல்லாமல் தூரப் பலகையில் சராசரியாக ஒரு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஒரு வரிதான். பெரியம்மாவுக்கு ரயில் நிலையத்தின் பெயர் தெரியாமல் போனதும் அப்படிப்பட்ட சில வரிகளில்தான்.

விலை உண்டு, பணத்திலும் சிரமத்திலும். பூட்டும் வரை வெயில் அந்த லென்ஸுக்குப் பகை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தன் போக்கில் மூலக்கூறுகளைக் கட்டிப்போட்டால் லென்ஸ் கோணலாகிவிடும். அதனால் விழித்திருக்கும் நேரமெல்லாம், வீட்டுக்குள்ளும், தனிக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். அந்தக் கதிரில் ஒரு பகுதி சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். நிலநடுக்கோட்டுக்கு மூன்றே பாகை வடக்கில் இருக்கும் கோலாலம்பூரில் வாரக்கணக்கில் இப்படி இருப்பது சிறிய காரியமில்லை. பின்னால் வந்த லென்ஸ்களில் முன்பக்கம் ஒரு காப்புப் படலம் சேர்த்திருக்கிறார்கள், இருந்தும் கண்ணாடி தேவைதான். பாவை போதிய அளவு விரியாதவர்களுக்கும், புற ஊதா ஒளியால் உடல் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் இந்த லென்ஸ் ஆகாது. அமெரிக்காவில் நோயாளிகள் இதற்குக் கைக்காசு பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார்கள்.

எனவே எல்லாப் பெரியம்மாக்களுக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் தாத்தா பாட்டிகள் புரை எடுத்த பிறகு சோடா புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாம் கால்பங்கு பெரிதாகத் தெரிய, படியில் கால் வைக்கத் தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் துன்பத்தைத் தீர்த்தது மலிவான, திருத்த முடியாத லென்ஸ். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து கிளைத்த ஆரோலேப், 1992 முதல் இந்த லென்ஸைத் தயாரித்தது. வெளியில் நூறு டாலரைத் தொட்ட பொருளைச் சுமார் பத்து டாலருக்குக் கொடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது போயிருக்கிறது. ஒருவருக்கு ஒரு வரி கூடுதலாகத் தெரிவதைவிட, இருட்டில் இருந்த லட்சம் பேருக்கு வெளிச்சம் கிடைத்தது பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மலேசியாவிலும் 2002 முதல் புரை அறுவைப் பதிவேடு ஒன்று உண்டு. எத்தனை பவர் நினைத்து வைத்தார்கள், எத்தனை வந்தது என்பதை அதில் எழுதிவைத்து ஒப்பிடுகிறார்கள். அந்தப் பொறுமையான வேலையும் ஊகத்தின் பிசகைக் குறைக்கிறது.

திருத்தும் லென்ஸ் உண்மையில் யாருக்குத் தேவைப்படும்? முன்பே லாசிக் செய்துகொண்டவர்களுக்கு. லேசரால் கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் செதுக்கிவிடுவதால் முன்வளைவுக்கும் பின்வளைவுக்கும் உள்ள பொருத்தம் மாறிவிடுகிறது. வழக்கமான கணக்குகள் அங்கே தடுமாறுகின்றன. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கில் கண்ணாடியைத் தூக்கியெறிந்த இளைஞர்கள் இப்போது புரை வரும் வயதை நெருங்குகிறார்கள்.

பெரியம்மா நாற்பது வெள்ளியில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்கியாயிற்று. இம்முறை டாக்டரிடம் அவர் முதலில் சொன்னது, தான் ஒரு நாளில் எதையெல்லாம் எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறார் என்பதை. கிள்ளானிலோ செந்தூலிலோ நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரும்போது அதையே செய்யுங்கள். புரை முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லாசிக் செய்தவராக இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட் எங்கேயாவது கிடந்தால் இன்றே தேடி எடுத்து வையுங்கள்.