பொம்மைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு!

"பொம்மைக்குத் தினமும் பணிவிடையா? வேலையத்த வேலை!" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூஜெர்ஸி மாநிலத்து எடிசனில். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாளின் அறையில் நாலு கைக்குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, எழுப்பிவிடப் போகிறோமே என்று நான் அடிமேல் அடி வைத்து நடந்தேன். அத்தனையும் பொம்மை!

'ரீபார்ன்' பொம்மை என்கிறார்கள். 1990-களில் அமெரிக்காவில் தொடங்கிய கைவேலை. வினைல் முகத்திலும் கைகால்களிலும் மெல்லிய வர்ணத்தைப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சையும் சூட்டில் இறுக வைக்கிறார்கள். தோலுக்கடியில் ஓடும் பச்சை நரம்புகூடத் தெரியும். ஆட்டு ரோமத்தை ஊசியால் குத்திக் குத்தித் தலைமுடியாக நடுகிறார்கள். துணி உடம்புக்குள் பஞ்சும் பொடிக் கண்ணாடி மணிகளும் அடைப்பதால், தூக்கினால் அசல் குழந்தையின் கனம். கழுத்துக்குக் கை கொடுக்காவிட்டால் தலை பின்னால் சாயும். ஒன்றின் விலை சில நூறு டாலர்!

என் மாமியாருக்கு 83 வயசு, மறதி நோய். ஆறு பெற்று வளர்த்தவர். பொழுது சாய்ந்தால் போதும், "குழந்தை பசியில அழுவுது, எங்கம்மா விட்டீங்க?" என்று அறை அறையாகத் தேடுவார். "குழந்தை ஏது அத்தை? உங்க பிள்ளைக்கே அம்பத்தஞ்சு வயசாச்சே" என்று நான் திருத்தத் திருத்த அழுகைதான் கூடும். ராத்திரிச் சாப்பாடு தட்டோடு நிற்கும்.

ஒருநாள் அத்தையையும் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை ஒரு பொம்மையை எடுத்து, கழுத்துக்கு வாகாகக் கை கொடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். என் பெயரை மறந்தவருக்கு அந்தப் பிடி மறக்கவில்லை! பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், "கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்றார். கூடவே பராமரிப்பு முறையும் சொல்லிக் கொடுத்தார்.

காலையில்: கையைக் கழுவி, மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட வேண்டும், உரசினால் வர்ணம் கீறிப்போகும். மெல்லிய துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து முகம், கைகால்களைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். எண்ணெய், ஸ்பிரிட் ஆகாது. துணி உடம்பு நனையவே கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். முடியை லேசாக நனைத்து, குழந்தை பிரஷ்ஷால் அழுத்தாமல் வார வேண்டும்.

உடுத்தும்போது: வெளிர் நிறத் துணிதான் நல்லது. கருப்பு, கருஞ்சிவப்புத் துணிகளின் சாயம் வினைலில் ஏறிவிடும். எடுத்து வைக்கும்போது நம் கொலு பொம்மை மாதிரி செய்தித்தாளில் சுற்றிவிடாதீர்கள். அச்சு மை ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பருத்தித் துணிதான் சரி.

இடம்: ஜன்னல் வெயிலில் வர்ணம் வெளிறும். ஹீட்டர் பக்கமும் வேண்டாம். காரில் தனியாக விட்டுப் போகவே கூடாது. 2016-ல் நியூ ஹாம்ஷயர் மாநிலம் கீன் நகரில், மூடிய காருக்குள் இப்படியொரு பொம்மையைப் பார்த்த போலீஸ் அதிகாரி, அசல் குழந்தை என்று பதறிக் கண்ணாடியையே உடைத்துவிட்டார்!

முக்கியமாக: சில பொம்மைகளின் வாய்க்குள், ரப்பர் சூப்பான் ஒட்டிக்கொள்வதற்காகக் காந்தம் வைத்திருப்பார்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை மார்போடு அணைக்கக் கூடாது. கழன்ற காந்தத்தைச் சின்னக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒரு வெள்ளிக்கிழமை வரை. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தால், அத்தை புடவையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கால்மேல் பொம்மை. பக்கத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணம். என் பிள்ளைகள் இரண்டையும் அதே கால்மேல் போட்டுத்தான் குளிப்பாட்டினார்! "ஐயோ" என்று கத்த வந்தவள் வாயை மூடிக்கொண்டேன். "தண்ணி இன்னும் காயலை அத்தை, இன்னிக்குத் துடைச்சு விட்டுடலாமா?" என்றேன். "ஆமா, சளி புடிச்சுக்கும்" என்று தலையாட்டினார்.

ஆனால் அதற்குள் கன்னத்தில் பெரிசாக ஒரு மைப்பொட்டு வைத்தாகிவிட்டது. துடைத்தேன், போகவில்லை. இரவல் பொருளாயிற்றே! பயந்துகொண்டே எடுத்துப் போனேன். "இது என்ன?" என்று கேட்டார் அந்த அம்மாள். குழந்தைக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று எங்களூரில் வைப்போம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இத்தனை வருஷமாகச் சேர்க்கிறேன். எனக்கு இது தோன்றவில்லையே! இனி இது உங்கள் வீட்டுக் குழந்தை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

'பெரியவரை ஏமாற்றுகிறோமோ?' என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. ஒரு சாயங்காலம் அத்தையே சொன்னார்: "பொம்மைன்னு எனக்குத் தெரியாதாம்மா? கை சும்மா இருக்க மாட்டேங்குது." மறுநாளே, "புள்ளைக்குப் பால் குடுத்தியா?" என்று கேட்டார். இரண்டுக்கும் "ஆமாம் அத்தை" என்றுதான் சொன்னேன்.

சகோதரிகளே, பொம்மை மறதிக்கு மருந்தல்ல. எல்லாப் பெரியவர்களுக்கும் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. டாக்டரிடம் கேளுங்கள். கண்ணில் படும்படி வைத்துவிட்டு, தானாக எடுக்கிறாரா பாருங்கள், திணிக்காதீர்கள். எடுத்துக்கொண்டால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். பொம்மையைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விடவும் கூடாது. இப்போதெல்லாம் விளக்கேற்றியதும் அத்தை பொம்மையை மடியில் போட்டுக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் ஊட்டுவேன். தட்டு காலியாகிறது.

ஒன்றே ஒன்று. திருஷ்டிப் பொட்டு வைத்தே தீரவேண்டும் என்றால் குல்லாயில் வையுங்கள். கன்னத்தில் வைத்தால் லேசில் போகாது. எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது!