கைப்பேசிப் போரும் ஆறிப்போன கஞ்சியும்

பாறசாலை:

இரவு ஒன்பது மணி. களியக்காவிளைக்கு இப்பால் இஞ்சிவிளைப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. கொத்து வேலை முடிந்து திரும்பிய தகப்பனார் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கஞ்சியும் பயறும் எடுத்து வைத்த தாயார், "மக்களே, கஞ்சி ஆறுது, வா" என்று மூன்றாம் முறையாக அழைக்கிறார். "இன்னா வாறேம்மா, ஒரு நிமிஷம்" என்று திண்ணையிலிருந்து பதில் வருகிறது. அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷமாகிறது. பிறகு வீட்டில் சண்டை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அன்றாடம் நடப்பதுதான். பையன் பொய் சொல்கிறான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல.

பாதியில் எழ முடியாது

பிள்ளைகள் பலரும் விரும்பி ஆடும் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். கடைசி வரை மிஞ்சும் அணிக்கே வெற்றி. நான்கு பேர் சேர்ந்தது ஓர் அணி. ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை நீளும். இடையில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் தோற்க நேரிடலாம். சடுகுடு ஆட்டத்தின் நடுவே களத்தை விட்டுப் போகிறவனை நாம் மெச்சுவோமா?

எனவே, "ஒன்பது மணிக்கு நிறுத்து" என்று கடிகாரக் கணக்கில் சொல்வதால் பயனில்லை. "இன்றைக்கு இரண்டு ஆட்டம்" என்று ஆட்டக் கணக்கில் பேசிக்கொள்வதே நல்லது. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் கைப்பேசி தாயாரிடம் வந்துவிட வேண்டும்.

பதக்கமும் உண்டு

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2018இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் மின்விளையாட்டு காட்சி ஆட்டமாக இடம்பெற்றபோது, இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார். 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் அங்கமாக ஏற்றது. 2023இல் ஹாங்சோவில் முறையான பதக்கங்களே வழங்கப்பட்டன.

ஆனால் அந்த மேடைக்குப் போகிறவர் வெகு சிலரே. மற்றவர்கள் துரத்துவது கைப்பேசியில் தெரியும் தரவரிசையை. பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்போது அந்தத் தரம் தானாகவே கீழிறங்கிவிடும். போன தரத்தை மீண்டும் பிடிக்கலாம். அதற்காக இழந்த தூக்கத்தையும் பரீட்சையையும் பிடிக்க முடியுமா? தரத்துக்காக ஓர் ஆட்டம், தோழர்களோடு சிரித்து மகிழ ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் விளையாட்டு விளையாட்டாகவே இருக்கும்.

பணம் கலந்தால்

ரம்மி போன்ற பண ஆட்டங்கள் வேறு ரகம். கேரள அரசு ஆன்லைன் ரம்மிக்கு 2021இல் விதித்த தடையை அதே ஆண்டில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழகம் 2023இல் கொண்டுவந்த சட்டத்திலும் ரம்மி பற்றிய பகுதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணப் பந்தய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை அதிலிருந்து தனியே பிரித்து அங்கீகரித்தது. கூலிப் பணத்தை மகனுடைய கைப்பேசியில் காணாமல் பறிகொடுக்காதிருக்க, இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் ஆட்ட நோயை 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. எத்தனை மணி நேரம் என்பதை அது அளவாகக் கொள்ளவில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே பெரிதாவது, கெடுதல் வந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் நோய். அப்படித் தோன்றினால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இஞ்சிவிளை வீட்டில் இப்போது சண்டை குறைந்திருக்கிறது. தாயார் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்குமுன், "எத்தனாவது ஆட்டம், மக்களே?" என்று கேட்கிறார். "ரெண்டாவதும்மா" என்று பதில் வந்த பிறகே பரிமாறுகிறார். மூவரும் சேர்ந்து உண்கிறார்கள், கஞ்சி சூடாகவே.