தூண்டிற் பெட்டி

குளக்கரையில் தூண்டிலிட்டு அமர்வோருக்குப் பொறுமையே முதற்கருவி. அடுத்தது, அளவறிந்து நிரப்பிய ஒரு சிறு பெட்டி.

அதனுள் முதலில் வேண்டுவது முள். இதன் எண் பெருகப் பெருக அளவு சிறுக்கும். 12 ஆம் எண் முள் 4 ஆம் எண் முள்ளினும் சிறியது. சிறுவாய்க் கெண்டைக்குச் சிறு முள்ளும், பெருவாய் விராலுக்குப் பெரு முள்ளும் கொள்க. அடுத்தது நைலான் நரம்பு. 1935 இல் கண்டுபிடிக்கப்பட்ட நைலான், பருத்தி நூலைப் போல ஈரத்தில் மட்குவதில்லை. மூன்றாவது தக்கை. மீன் இரையைக் கவ்வியதை அது அமிழ்ந்து அறிவிக்கும். நெட்டித் துண்டும் போதும். நான்காவது, இரையை ஆழத்திற்கு இறக்கும் எடைக்குண்டு.

ஈயக் குண்டு எளிதிற் கிட்டும். ஆயினும் அது நஞ்சு. அதனை விழுங்கி அன்னங்கள் மாண்டமையால், பிரிட்டன் 1987 இல் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. ஒரு சிறு இரும்புத் துண்டைக் கட்டினாலும் அதே பயன் விளையும்.

இறுதியாக, ஒரு கத்தரிக்கோலும் ஒரு வெற்று டப்பாவும் வேண்டும். மட்காமை நைலானின் சிறப்பு. அறுந்து கரையில் கிடக்குங்கால் அதுவே கேடாகும். கொக்கு, நாரைகளின் கால்களைச் சுற்றி இறுக்கி அவற்றை முடமாக்கிவிடும். ஆகவே அறுந்த நரம்பை டப்பாவில் இட்டு வீட்டிற்குக் கொணர்க. மீன் கிட்டாத நாளிலும் இதனை மறவாதீர்கள்.