ஓம் பூரியின் முகம்

ஒரு நடிகரைப் பலதிறம் படைத்தவர் என்று யாரேனும் சொன்ன மாத்திரத்தில், நம்முடைய மனம் அவர் புனைந்த வேஷங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. 'நவராத்திரி'யில் சிவாஜி கணேசன் ஒன்பது பேராகத் தோன்றியதையும், 'தசாவதாரம்' படத்தில் கமல்ஹாசன் பத்து உருவங்கள் தாங்கியதையும் விரல் மடக்கிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் நாம். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், ஒட்டு மீசையோ பொய்த் தாடியோ அதிகம் நாடாமல், அம்மைத் தழும்புகள் குழிந்து கிடந்த ஒரே முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உழவனாகவும், காவல் அதிகாரியாகவும், குடிகாரனாகவும், சக்கரவர்த்தியாகவும், அந்நிய தேசத்திலே மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடைக்காரராகவும் நாற்பது வருஷங்களுக்கு மேல் நடித்துச் சென்ற ஒருவரை நினைக்கும்போது, பலதிறம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்று தோன்றுகிறது. வட இந்தியாவின் ஓம் பூரியே அவர்.

1950-ஆம் ஆண்டு, அக்காலத்தில் பஞ்சாபைச் சேர்ந்திருந்த அம்பாலாவில் அவர் பிறந்தார். தகப்பனார் ரயில்வேயில் சிறு உத்தியோகம் பார்த்தவர். குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய வயதில், தேநீர்க் கடையில் எச்சில் குவளைகளைக் கழுவியும், தண்டவாளத்தோரம் சிந்திக் கிடந்த கரித்துண்டுகளைப் பொறுக்கியும் திரிந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் கூலிக்காரர்களின் வேடங்களை அவர் ஏற்றபோது, குந்தி உட்கார்வதிலும், தலைப்பாகைத் துணியால் வியர்வையைத் துடைப்பதிலும், எஜமானன் முன்னிலையில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பதிலும் அவ்வளவு நிஜம் தெரிந்ததென்றால், அது எந்தக் கலாசாலையிலும் கற்றுக்கொண்டதன்று என்பதே என் அபிப்பிராயம்.

கலாசாலைப் பயிற்சியும் அவருக்குக் குறைவில்லாமல் வாய்த்தது. பஞ்சாபில் ஹர்பால் திவானாவின் நாடகக் குழுவில் சேர்ந்து பழகியபின், டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காஜியின் மாணவராகவும், அதன்பின் பூனா திரைப்படக் கல்லூரியின் மாணவராகவும் அவர் பயின்றார். நஸீருத்தீன் ஷா இரண்டு இடங்களிலும் உடன் பயின்ற நண்பர். தாய்மொழி வழியில் படித்துவந்த ஓம் பூரிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. சக மாணவர்கள் அந்த மொழியில் விவாதிக்கையில் அவர் கூசி ஒதுங்கியிருந்ததுண்டு. முகமோ, கதாநாயகனுக்கு இன்னின்ன லட்சணம் வேண்டுமென்று சினிமா உலகம் வகுத்து வைத்திருந்த இலக்கணத்துக்கு முற்றிலும் புறம்பானது. 1976-இல் 'காசிராம் கோத்வால்' என்ற மராத்தி நாடகம் படமானபோது அதிலே தோன்றி, அவர் திரைக்கு வந்து சேர்ந்தார்.

கோவிந்த் நிஹலானியின் முதற்படமான 'ஆக்ரோஷ்' 1980-இல் வெளிவந்தது. விஜய் டெண்டுல்கரின் திரைக்கதை. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட லஹான்யா பிக்கு என்ற ஆதிவாசிக்காக வாதாட வரும் இளம் வக்கீல், தன் கட்சிக்காரனின் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெறுவதற்காகப் படம் முழுவதும் போராடுகிறான். அந்த வக்கீலாக நஸீருத்தீன் ஷா பேசிக்கொண்டேயிருக்க, லஹான்யாவாக ஓம் பூரி பேசாமலே இருக்கிறார். மனைவியைச் சீரழித்துக் கொன்றவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். பேசினால் எஞ்சியிருப்போரும் பிழைக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். வசனத்தின் பலத்தை நம்பி வளர்ந்த சினிமாவையே பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு பிரதான பாத்திரம் இவ்வாறு கண்களாலும் கழுத்து நரம்புகளாலும் மாத்திரமே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தாக்குப் பிடிப்பது பெரிய ஆச்சரியம். கடைசியில், தகப்பனின் ஈமக்கிரியைக்காக விலங்கோடு அழைத்து வரப்பட்ட அவன், தன் தங்கைக்கும் மனைவியின் கதியே நேர்ந்துவிடுமென்று அஞ்சி அவளைக் கோடரியால் வெட்டிவிட்டு, ஆகாயத்தை நோக்கி அலறுகிறான். அதுவரை சேர்த்து வைத்திருந்த மௌனம் முழுவதும் அந்த அலறலில் உடைகிறது.

கோடரி அவர் கைக்கு மறுபடியும் வந்தது, இம்முறை தொலைக்காட்சிக்காக. தூர்தர்ஷனுக்காகச் சத்யஜித் ராய் 1981-இல் எடுத்த 'சத்கதி' பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவியது; ஒரு மணி நேரம்கூட ஓடாத சிறு படம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துத் தரும்படி புரோகிதரிடம் வரும் துக்கி என்ற தீண்டப்படாத ஏழை, நாள் குறிப்பதற்கு முன் முற்றத்தைப் பெருக்கவும், மூட்டை சுமக்கவும், கோடரிக்கு அசையாத ஒரு பெரிய மரக்கட்டையைப் பிளக்கவும் ஏவப்படுகிறான். அப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்தவன், வயிற்றிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வெட்டிலும் பிடி கொஞ்சம் தளர்வதையும், தளர்ச்சி மெல்ல ரோஷமாக மாறுவதையும், யாரைக் கோபிப்பதென்று அறியாத மனிதன் கட்டையின்மேல் கோபிப்பதையும் ஓம் பூரி தம் தோள்களால் காட்டுகிறார். கட்டை பிளக்கவில்லை, துக்கி விழுந்து இறக்கிறான். தொட்டால் தீட்டு என்பதால் புரோகிதர் கயிற்றால் சுருக்கிட்டு இழுத்துச் செல்லும் அந்த உடம்பைப் பார்த்தபின், சாதாரணமாக எழுந்து அடுத்த வேலைக்குப் போக என்னால் இயலவில்லை.

தமிழ் ரசிகர்கள் நினைவில் வைக்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. ஷியாம் பெனகலின் 'ஆரோஹண்' படத்தில் நிலத்துக்காகப் போராடும் வங்காள உழவனாக நடித்ததற்கு 1981-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும், 'அர்த் சத்யா'வுக்காக 1983-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தன. இடையிலிருந்த 1982-ஆம் ஆண்டு விருதைப் பெற்றவர் 'மூன்றாம் பிறை'யின் கமல்ஹாசன். 'அர்த் சத்யா'வில் அவர் பம்பாய்ச் சப்-இன்ஸ்பெக்டர் அனந்த் வேலங்கர். தாயை அடித்த கான்ஸ்டபிள் தகப்பனின் முரட்டுத்தனம் தன் ரத்தத்திலும் ஓடுவதை உணர்ந்து அஞ்சுகிறவன். நேர்மையும் வெறியும் ஓர் உடம்புக்குள்ளே மல்லுக்கட்ட நிற்கிறவன். அதே 1983-இல் வெளியான 'ஜானே பீ தோ யாரோ'வில், நடுத்தெருவில் கிடக்கும் சவப்பெட்டியைப் பழுதாகி நின்ற மோட்டார் கார் என்றும், உள்ளே இருக்கும் பிணத்தை அதை ஓட்டி வந்த கனவான் என்றும் எண்ணி, உதவி செய்ய முன்வருகிற குடிகாரக் கட்டடக் கான்டிராக்டரும் அவரே. தழும்புகள் மாறவில்லை, குரலும் மாறவில்லை; ஆனால் ஒன்றில் நம்மை நடுங்க வைத்த முகமே மற்றொன்றில் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது.

அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் அவருக்குக் கிடைத்தது சில நிமிஷங்களே. கலகத்தில் ஒரு முஸ்லிம் குழந்தையைக் கொன்றுவிட்ட பாவம் தாளாமல், உபவாசமிருக்கும் மகாத்மாவின் மேல் ரொட்டியை வீசிச் சாப்பிடும்படி கதறுகிற இந்துவாக வருகிறார். அந்தப் பெரிய படத்தின் எத்தனையோ ஊர்வலங்களும் கூட்டங்களும் மங்கிப் போனாலும் இந்த மனிதன் மங்குவதில்லை.

தொலைக்காட்சியில் அவர் புகழ் உச்சம் கண்டது 1988-இல். பீஷ்ம சாஹ்னியின் நாவலைத் தழுவி நிஹலானி எடுத்த 'தமஸ்' அந்த வருஷத்தின் தொடக்கத்தில் ஒளிபரப்பாயிற்று. தோல் பதனிடும் நாத்துவிடம், மிருக வைத்தியருக்குத் தேவையென்று பொய் சொல்லி, ஐந்து ரூபாய் கொடுத்து, ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறான் ஒரு கான்டிராக்டர். பழக்கமில்லாத அந்தக் கொலைத் தொழிலில் இரவு முழுதும் ஓர் இருண்ட குடிசைக்குள் பன்றியோடு நாத்து படும் பாடுதான் தொடக்கம். விடிந்ததும் அந்தப் பன்றி மசூதிப் படியிலே கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. தன் கையே காரணமென்று தெரிந்தும், யாரிடமும் சொல்லமுடியாமல், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியோடு ஊரைவிட்டு ஓடும் நாத்துவின் முகத்தில், பிரிவினைக் காலத்துச் சாமானிய ஜனங்களின் துயரம் முழுவதையும் பார்க்கலாம். இந்தத் தொடரின் ஒளிபரப்பைத் தடுக்கவேண்டுமென்று வழக்குத் தொடர்ந்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் படத்தைத் தாமே பார்த்துவிட்டு அனுமதிக்க, உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கலவரத்தின் கொடுமையைக் காட்டுவது கலவரத்தைத் தூண்டுவதாகாது என்ற அந்த முடிவினால் தேசத்துக்கு நன்மையே விளைந்தது.

அதே வருஷத்தில், நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வை ஆதாரமாகக் கொண்டு பெனகல் தயாரித்த 'பாரத் ஏக் கோஜ்' ஐம்பத்து மூன்று பகுதிகளாக வரத் தொடங்கியது. கதை சொல்லும் குரல் ஓம் பூரியுடையது. துரியோதனனாகவும், அசோகனாகவும், அலாவுத்தீன் கில்ஜியாகவும், அவுரங்கசீப்பாகவும் நடித்தவரும் அவரே. தூர்தர்ஷனைத் தவிர வேறு அலைவரிசை இல்லாத அந்நாட்களில், ஹிந்தி அரைகுறையாகவே புரிந்த தமிழ் வீடுகளிலும் அந்தக் கனத்த குரல் ஒலித்தது. சிலப்பதிகாரத்தையும் சோழப் பேரரசையும் பற்றிய பகுதிகளும் அத்தொடரில் இருந்தன. அடித்துத் துவைக்கப்பட்ட நாத்துவையும் தர்பாரில் வீற்றிருக்கும் அவுரங்கசீப்பையும் அடுத்தடுத்து ஒரே முகத்தில் கண்ட ஜனங்கள், போதாக்குறைக்கு, பாசு சட்டர்ஜியின் 'கக்காஜி கஹின்' தொடரில் வெற்றிலை மென்றபடி பேரம் பேசும் அரசியல்வாதியாகவும் அவரைக் கண்டார்கள்.

ஆங்கிலத்துக்கு அஞ்சிக் கூசிய அந்த மாணவர் பின்னாளில் இங்கிலாந்தில் பெயர் பெற்றது என் மனத்துக்கு மிகவும் உகந்த பகுதி. 1997-இல் வந்த 'மை ஸன் தி ஃபனாடிக்'கில், மதவெறியில் இறங்கும் மகனைக் கண்டு திகைக்கிற டாக்ஸி ஓட்டுநர். 1999-இல் வந்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' படத்தில், சால்ஃபோர்ட் நகரில் ஆங்கிலேய மனைவியோடும் ஏழு பிள்ளைகளோடும் வாழ்ந்து, அவர்களைப் பாகிஸ்தானியராகவே வளர்க்கத் துடிக்கும் ஜார்ஜ் கான். அடிக்கிற தகப்பனை வெறுக்கவைப்பது எளிது. அவனே அந்நிய மண்ணில் வேர் தேடித் தவிக்கும் தனியன் என்பதையும் சேர்த்துக் காட்டுவது கடினம். அதைச் செய்து, பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியின் சிறந்த நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இலக்கணச் சுத்தமில்லாத ஜார்ஜின் ஆங்கிலமே பாத்திரத்தின் உயிராயிற்று.

வியாபாரப் படங்களிலும் அவர் ஏராளமாக நடித்தார். அவற்றில் பல அவர் தகுதிக்கு எட்டாதவை என்று சொல்லத்தான் வேண்டும். ஜீவனத்துக்கு வழி தேடும் நடிகரை அதற்காக நோவதற்கு எனக்கு மனமில்லை. 'அவ்வை சண்முகி' ஹிந்தியில் 'சாச்சி 420' ஆனபோது, இங்கே டெல்லி கணேஷ் ஏற்ற காரியதரிசி வேடத்தை அங்கே ஏற்றவர் ஓம் பூரி. இரு நடிகர்களும், கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்றபடியே காட்சியைத் தூக்கி நிறுத்தும் ஒரே சாதியினர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு நல்ல விருந்து காத்திருக்கிறது. 'ஹே ராம்' படத்திலும் அவரைத் தமிழ் ரசிகர்கள் பார்த்திருக்கிறார்கள்.

2016-இல் 'தி ஜங்கிள் புக்' ஹிந்தி பேசியபோது, காட்டில் கிடைத்த மனிதக் குழந்தை மௌக்லியைக் காத்து வளர்க்கும் கருஞ்சிறுத்தை பகீராவுக்குக் குரல் கொடுத்தவர் அவர். அடுத்த ஜனவரி 6-ஆம் தேதி, பம்பாயில், அறுபத்தாறாம் வயதில் காலமானார். படம் வந்த கோடை விடுமுறையில் திரையரங்கு சென்ற குழந்தைகளில் எத்தனையோ பேர் துக்கியையோ நாத்துவையோ அறியாதவர்கள், அந்தத் தழும்பு முகத்தை ஒரு தடவைகூடக் கண்டிராதவர்கள். இருட்டிலே மௌக்லியை எச்சரிக்கும் அந்தக் குரலைக் கேட்டு, அது பகீராவே பேசுவதாக நம்பினார்கள்.