சத்திரம்வரை கொண்டுசெல்லும் பணி

வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணும் மனநெருக்கடியில் பலர் முதலில் நாடுவது மருத்துவரையன்று. நண்பரையோ போதகரையோ நாடுகின்றனர். இன்று அவ்வழைப்பு நள்ளிரவில் கைபேசியில் எழுத்து வடிவிலும் வருகின்றது. மனநலப் பயிற்சி பெறாத நாம் அவ்வேளையில் எம்மட்டும் உதவக்கூடும் என்று ஆராய்வது தகும்.

சபை இளைஞர் ஒருவர் ஓரிரவு, வாழ்வு சலித்துவிட்டதென நமக்கு எழுதினார். நாம் ஆறுதலான வேதவசனம் ஒன்றை அனுப்பிவிட்டு உறங்கச் சென்றோம். விடியுமுன் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தேவ கிருபையால் பிழைத்தெழுந்தபின், "வசனம் எனக்குத் தெரியும் ஐயா, நீங்கள் கூப்பிட்டுப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன்" என்றார். எழுத்தில் குரலின் நடுக்கம் புலப்படுவதில்லை. நாமோ கேட்கவேண்டியதைக் கேளாமல், கூறத் தெரிந்ததைக் கூறிவிட்டோம்.

இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகிய சாட் வரா, 1953-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், தற்கொலை எண்ணமுடையோர்க்கெனத் தொலைபேசி உதவிப்பணியைத் தொடங்கினார். அதுவே 'சமாரியர்' இயக்கமாயிற்று. தம்மைக் காணக் காத்திருந்தோர்க்குத் தேநீர் அளித்து, அவர்கள் கூறியதைச் செவிமடுத்த தொண்டர்களாலேயே பலர் ஆறுதலடைந்ததை அவர் கண்டார். ஆகவே, பட்டம் பெறாதோரின் செவி பயனற்றதன்று. எனினும் தொண்டர்களைத் தெரிந்தெடுத்தே அவர் சேர்த்தார். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய 'சினேகா'வும் பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே இயங்குகின்றது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா எனத் தெளிவாகக் கேட்டல். கேட்பதாலேயே அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்பது வீண் அச்சம். இரண்டாவது, அவரைத் தனியே விடாது வீட்டாரை அழைத்தல். பூச்சிமருந்து முதலியவற்றை அப்புறப்படுத்துதல். உயிராபத்தில் இரகசியம் காப்பதாக வாக்களித்தலாகாது. மூன்றாவது, மருத்துவரிடம் ஒப்படைத்தல். 2022-இல் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். மாத்திரைகளை நிறுத்தச் சொல்வதும், நோயை அவிசுவாசமெனக் கடிந்துகொள்வதும் நமக்குரியவையல்ல.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டினான். சத்திரத்தில் சேர்த்து அன்றிரவு உடனிருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துப் பணமும் கொடுத்தான். அத்துடன், திரும்பி வருவதாகவும் கூறிச் சென்றான். ஒப்படைத்தல் கைவிடுதலன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரின் வாசலில் மீண்டும் போய் நிற்பதும் மேய்ப்பனுடைய பணியே.